பட்டு நிறுத்தாத வண்டி

பட்டுவுக்கு ஹிந்தி வரும். வரும் என்றால், கூப்பிட்டால் வாசல்வரை வரும், உள்ளே வந்து உட்காராது. கும்பகோணத்தில் பிறந்து, கல்யாணமாகிப் புனேவுக்கு வந்த நாளிலிருந்து காய்கறிக்காரரிடமும் ரிக்‌ஷாக்காரரிடமும் பேசிப் பேசிச் சேர்த்த ஹிந்தி அது. அதில் ஆண்பால் பெண்பால் கிடையாது. வினைச்சொல் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான், 'கியா'. ஹிந்தியில் கியா என்றால் ஒருவர் செய்தது. தானாக நடந்ததற்கு 'ஹுவா' என்று வேறு சொல் இருக்கிறது. அந்த வேறு சொல் பட்டுவின் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மழை பெய்தால் "பாரிஷ் கியா" என்பாள். கரண்ட் போனால் "லைட் பந்த் கியா". பால் பொங்கி வழிந்தாலும் கியாதான்.

அவள் கணவர் ஜம்புநாதன் ராணுவக் கணக்குத் துறையில் இருந்து ரிடையர் ஆனவர். வடக்கத்தி அதிகாரிகளே பாராட்டிய ஹிந்தி அவருடையது. "பட்டு ஹிந்தி பேசினா சாட்சாத் பகவான்தான். மழையையும் அவளே பண்ணிடுவா, கரண்டையும் அவளே நிறுத்திடுவா" என்று நாலு பேர் எதிரில் சொல்வார். நாலு பேரும் சிரிப்பார்கள், பட்டுவும் சேர்ந்து சிரிப்பாள். பாணேரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர்களுக்கு நல்ல பேர், சண்டை போடாத தம்பதி என்று.

பட்டு ஆகுர்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறாள். நாற்பது தாண்டித்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட பிறகு தெரிந்தது, இத்தனை நாள் எதற்கோ காத்துக்கொண்டிருந்தோமே, அது இதுதான் என்று. ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவள் வேறு ஆள். டிபனில் உப்புக் குறைந்தால் இரண்டு நாள் வருத்தப்படுகிற பட்டு, சிஞ்ச்வடு சிக்னலில் டெம்போக்காரன் குறுக்கே நுழைந்தால் கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்ப்பாள், அவன் பின்வாங்கிவிடுவான். ஜம்புநாதன் இடது பக்கம் உட்கார்ந்து வர்ணனை கொடுத்துக்கொண்டு வருவார். அவருக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் அவர் ஓட்டினால் பின்னால் வருகிற ஊரே ஹாரன் அடிக்கும்.

ரிடையர் ஆனதும் அவர் ஒரு புது வண்டி வாங்கினார். மூன்று மாதம் வீடியோ பார்த்து, ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கி, இதுதான் என்று முடிவு கட்டினார். ஹைதராபாத்தில் இருக்கும் பிள்ளை ஷ்ரேயஸ் வேண்டாம் என்றான், அந்த மாடலைப் பற்றி ஆபீஸில் யாரோ குறை சொன்னார்களாம். "ஒங்க ஆபீஸ்ல எல்லாம் தெரியும், எனக்கு ஒண்ணும் தெரியாதாக்கும்" என்று ஜம்புநாதன் போனை வைத்துவிட்டார். சாவியைத் திருப்ப வேண்டாம், பட்டனை அமுக்கினால் போதும் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. வருகிறவர் போகிறவரை எல்லாம் அமுக்கிப் பார்க்கச் சொன்னார்.

அந்த வண்டிதான், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆவணி மாதக் காலையில், பாணேருக்கும் பாஷாணுக்கும் நடுவே குன்றை ஒட்டிப் போகும் ஏற்றத்தில் நின்றது. மழை இல்லை, மழை விட்டுப்போன ஈரம்தான். குன்றிலிருந்து மேகம் இறங்கி ரோட்டில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஜம்புநாதன் இருந்தார். பட்டு வேகத்தைக் குறைத்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தாள். திடீரென்று எஞ்சின் சத்தம் இல்லை. வெடிக்கவில்லை, முனகவில்லை, சும்மா இல்லாமல் போயிற்று. உலகமே பஞ்சுக்குள் போன மாதிரி ஓர் அமைதி. மனசில் இருக்கிற கவலையெல்லாம்கூட அந்த ஒரு கணம் வாயை மூடிக்கொண்டது. மேகத்தின் நடுவில் மிதப்பது போலிருந்தது பட்டுவுக்கு. நன்றாகக்கூட இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம்தான் வண்டி பின்பக்கமாக இறங்குவது புரிந்தது. பிரேக்கை மிதித்தாள், அது கல்லாக இருந்தது. எழுந்து நின்று மிதிக்கிற மாதிரி மிதித்தபின்தான் வண்டி நின்றது. அதற்குள் பின்னால் இருந்த தள்ளுவண்டியில் மோதித் தக்காளிக் கூடை கவிழ்ந்துவிட்டது. சிவப்புச் சிவப்பாகத் தக்காளிகள் சத்தமே இல்லாமல் மேகத்துக்குள் உருண்டு போயின. அவற்றுக்குப் பின்னால் ஸ்கூட்டியில் வந்த ஒரு காலேஜ் பெண் பயந்து சாய்ந்து விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்புத்தான். ஆனால் அந்தப் பெண் தரையில் உட்கார்ந்தபடி பட்டுவைப் பார்த்தாளே ஒரு பார்வை, அதைப் பட்டுவால் மறக்க முடியவில்லை.

கூட்டம் கூடியது. என்ன ஆயிற்று ஆன்ட்டி என்று ஹிந்தியில் யாரோ கேட்டார்கள். கம்பெனி உதவி நம்பருக்குப் போன் போட்டபோது அங்கேயும் ஒரு பெண் அதையே கேட்டாள். எல்லாரிடமும் பட்டு ஒரே பதிலைத்தான் சொன்னாள். "மைனே காடி பந்த் கியா."

அவள் சொல்ல நினைத்தது வண்டி நின்றுவிட்டது என்று. சொன்னதோ, வண்டியை நான் நிறுத்தினேன் என்று. தமிழில் நின்றது வேறு, நிறுத்தியது வேறு என்று ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஹிந்தியில் பட்டுவுக்குத் தெரியவில்லை. ஏற்றத்தின் நடுவில் எந்தப் பைத்தியம் வண்டியை நிறுத்தும் என்று கூட்டத்தில் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் ஷ்ரேயஸ் போன் செய்தான். அப்பாவிடம் முதலில் பேசினான், பிறகு அம்மாவிடம். "என்னம்மா, தப்பு பட்டன் அமுக்கிட்டியாமே" என்று சிரித்தான். புனேவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழ் கொஞ்சம் தடுக்கித்தான் வரும். "நான் ஒண்ணும் அமுக்கலைடா" என்றாள் பட்டு. "இட்ஸ் ஓகேம்மா, ஆகறதுதான்" என்று மறுபடி சிரித்தான். சர்வீஸ் சென்டரில் வண்டியைச் சோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பின் ஜம்புநாதன் ஓட்டினார். "கொஞ்ச நாள் வேண்டாம் பட்டு" என்றார். கொஞ்ச நாள் வருஷமாயிற்று. பட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

ஆகுர்டியிலிருந்து திரும்பும் மத்தியான பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அவளுக்குக் கண் சொருகும். சொருகினால் கனவு வரும், அதே கனவு. மேகம், ஏற்றம், பஞ்சுக்குள் போன அமைதி, கீழே உருளும் தக்காளிகள். முதல் வருஷம் கனவில் அவ்வளவுதான் இருந்தது. இரண்டாம் வருஷம் அதில் ஒரு விரல் வந்து சேர்ந்தது. அவளுடைய விரல்தான், மோதிரம் போட்டது. மெதுவாக நீண்டு போய்ப் பட்டனை அமுக்கும். அமுக்கியதும் அந்த அமைதி வரும். கண் விழித்து வலது கையைப் பார்த்துக்கொள்வாள். எல்லாரும் சொல்கிறார்கள், தன் வாயாலேயே சொல்லியாயிற்று, விரலும் கனவில் சாட்சி சொல்கிறது. நான்தான் நிறுத்தினேனோ? அன்றைக்கு அந்த அமைதி பிடித்திருந்ததே, அது வேண்டும் என்றுதான் கை போயிற்றோ? ஒரு பெண்ணைக் கீழே தள்ளிய கையா இது? இந்தக் கேள்வியோடுதான் அவள் பாணேர் நிறுத்தத்தில் இறங்குவாள், வீட்டுக்குப் போய்க் காபி போடுவாள்.

அவர்கள் குடியிருப்பில் ஆறாவது மாடியில் சுஷ்மா என்று ஒரு மராத்திக்கார வக்கீல் இருக்கிறாள். அவளிடமும் அதே மாடல் வண்டி. போன வருஷம் மும்பை போகும் வழியில் அது ஓடிக்கொண்டே இருக்கையில் நின்றுவிட்டது. சுஷ்மா சும்மா விடுகிற ரகம் இல்லை. விசாரித்து விசாரித்து ஆளைச் சேர்த்தாள். எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பில்தான் கோளாறு, சூடேறினால் அது நின்றுவிடுகிறது என்று ஒரு நிபுணரிடம் எழுதி வாங்கினாள். இதே பாதிப்பு உள்ள எல்லாருக்குமாகச் சேர்த்து நுகர்வோர் ஆணையத்தில் ஒரே வழக்காகப் போட அனுமதியும் வாங்கிவிட்டாள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் "உங்கள் வண்டி தானாக நின்றதுண்டா?" என்று கேட்டிருந்தாள். பட்டு அந்தத் 'தானாக'வையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம கேஸ் வேற பட்டு, அதுல போய்த் தலையைக் குடுக்காதே" என்றார் ஜம்புநாதன்.

பட்டு கொடுத்தாள். நஷ்ட ஈடு எல்லாம் அவளுக்குப் பெரிசாகத் தோன்றவில்லை. நிறுத்தியது நானா வண்டியா என்று யாராவது ஒருத்தர் தீர்த்துச் சொன்னால் போதும் என்றிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் கூடினார்கள். ரஞ்சன்காவ் தொழிற்சாலைக்குப் போகிற வழியில் நின்றது என்றார் ஒருவர். இன்னொருவருக்கு மேம்பாலத்தின் மேல். ஒவ்வொருவரும் அந்த இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், கனவைச் சொல்கிறவர்கள் அப்படித்தான் தாழ்த்திக்கொள்வார்கள். "பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, ஏசி காற்று வந்துகொண்டே இருந்தது, எஞ்சின் மட்டும் இல்லை" என்றார் ரஞ்சன்காவ்காரர். பட்டுவுக்கு மேல் சிலிர்த்தது. அந்த அமைதிக்குள் போய்வந்தவர்கள் இவ்வளவு பேரா?

சுஷ்மா ஒன்று கேட்டாள். "பட்டனை அமுக்கி நிறுத்தியிருந்தால் டேஷ்போர்டில் விளக்கெல்லாம் அணைந்திருக்கும் ஆன்ட்டி. பம்ப் நின்றிருந்தால் எரிந்துகொண்டிருக்கும். உங்களுக்கு எரிந்ததா?"

பட்டுவுக்கு நினைவில்லை. விளக்கு இருந்த இடத்தை எல்லாம் அந்த விரல் மறைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டாள். "ஏன்னா, அன்னிக்கு லைட் எரிஞ்சுண்டிருந்துதா? ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ஜம்புநாதன் பேப்பரை மடிக்காமலே பதில் சொன்னார். "மூணு வருஷமாச்சு. யாருக்கு ஞாபகம் இருக்கு."

வழக்கு வளர்ந்து, கம்பெனி இறங்கி வந்தது. சமரசப் பேச்சுக்கு நாள் குறித்தார்கள். இந்த வருஷம் ஜூலையில் ஒரு காலை, பட்டு பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். ஜம்புநாதன் தானும் வருவதாகச் சொல்லி வண்டியை எடுத்தார். வழியெல்லாம் தூறல். ஊரே பாதித் தூக்கத்தில் இருப்பது போல் இருந்தது. அவரிடமிருந்து வர்ணனைகூட இல்லை.

நீளமான மேஜை. ஒரு பக்கம் சுஷ்மாவும் வண்டிக்காரர்களும், எதிரே கம்பெனி வக்கீலும் ஒரு எஞ்சினியரும். நடுவில் சமரசம் செய்துவைக்கும் ரிடையர்டு நீதிபதி, எல்லாருக்கும் டீ வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்த நல்ல மனுஷர். எல்லா வண்டிக்கும் புது பம்ப், எஞ்சினுக்கு வாரண்டி நீட்டிப்பு, ஏற்கனவே ரிப்பேருக்குச் செலவழித்தவர்களுக்கு அது திரும்ப என்று பேச்சு முடிகிற நிலைக்கு வந்துவிட்டது. அப்போது கம்பெனி வக்கீல், ஒரு பெயரை மட்டும் நீக்க வேண்டும் என்றார். பட்டுவின் பெயரை. அவர் வண்டி கோளாறால் நிற்கவில்லை, அவரே நிறுத்தியிருக்கிறார், அவர் குரலிலேயே இருக்கிறது என்று மடிக்கணினியைத் திருப்பி வைத்தார்.

அதிலிருந்து மேகம் மூடிய அந்தக் காலை பேச ஆரம்பித்தது. ஹாரன் சத்தம், யாரோ கத்துவது, நடுவில் உதவி நம்பர் பெண்ணின் இனிப்பான குரல். என்ன ஆயிற்று மேடம்? "மைனே காடி பந்த் கியா. சடாவ் மே." ஏற்றத்தில் என்று. நீங்களே நிறுத்தினீர்களா மேடம்? "ஹான் ஹான். கியா, கியா." வண்டிக்காரர்களில் ஒருவர் பாவம், சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். பட்டு தன் விரலைப் பார்த்தாள். அவ்வளவுதான், தீர்ந்தது என்று தோன்றியது. சற்று இருங்கள் மேடம் என்று அந்தப் பெண் சொல்ல, பாட்டு ஒன்று வந்தது. வக்கீல் நிறுத்தக் கையை நீட்டினார்.

"ஓடட்டும்," என்றாள் சுஷ்மா. "பேச்சு இன்னும் முடியவில்லையே."

"அப்புறம் வேறு ஏதோ பாஷை," என்றார் வக்கீல்.

பாட்டுக்கு அடியில் ஓர் அழுகைக் குரல் தமிழில் கேட்டது. "ஏன்னா, நான் என்ன பண்ணினேன்? அந்தப் பொண்ணு விழுந்துட்டாளே. என் கையா? என் காலா?" அதற்கு ஓர் ஆண் குரல் பதில் சொன்னது. எவ்வளவு பரிவான குரல். தன் புருஷனுக்கு இப்படி ஒரு குரல் இருந்ததே பட்டுவுக்கு மறந்துபோயிருந்தது. "அழாதே பட்டு. நீ ஒண்ணும் பண்ணலை. நான் பாத்துண்டேதானே இருந்தேன். லைட்டெல்லாம் எரியறது பாரு. தானா நின்னுடுத்து."

அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கனவில் வந்த அந்த விரல் எங்கேயோ கரைந்துபோயிற்று, அந்த இடத்தில் பச்சையும் சிவப்புமாக டேஷ்போர்டு விளக்குகள் மேகத்துக்குள் எரிவது தெளிவாகத் தெரிந்தது. ஆமாம், எரிந்தது. அவர் காட்டினார், அவள் பார்த்தாள். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. இவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த ஆண் குரல் என்ன சொல்கிறது என்று நீதிபதி ஹிந்தியில் கேட்டார். பட்டு வாயைத் திறந்தாள். பெயர் சம்பந்தப்பட்டவர் அவர், அவர் மொழிபெயர்க்கக் கூடாது என்றார் வக்கீல். நீதிபதி ஜம்புநாதனைப் பார்த்தார். "குரல் உங்களுடையதுதானே?"

ஜம்புநாதன் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். மனைவி அழுதாள், ஏதோ ஆறுதல் சொன்னேன் என்று அழகான ஹிந்தியில் சொன்னார். என்ன ஆறுதல் என்றாள் சுஷ்மா. வார்த்தை வார்த்தையாக வேண்டும் என்று நீதிபதியும் சொல்லி, மறுபடி போடச் சொன்னார். மறுபடி அந்தப் பரிவான குரல் அறையை நிறைத்தது. நீ ஒண்ணும் பண்ணலை. பட்டு தன் கணவரையே பார்த்தாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இஸ்னே குச் நஹீன் கியா. காடி அப்னே ஆப் பந்த் ஹுயீ."

இவள் ஒன்றும் செய்யவில்லை, வண்டி தானாகவே நின்றது. விளக்கு எரிந்ததையும் சொன்னார். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரத் தயாரா என்று நீதிபதி கேட்டதற்குத் தலையை ஆட்டினார். எஞ்சினியர் வக்கீலின் காதில் ஏதோ சொல்ல, வக்கீல் தோளைக் குலுக்கினார். பட்டுவின் பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒப்பந்தத்தைச் சுஷ்மா எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். அதில் ஓரிடத்தில், கம்பெனி எந்தக் குறையையும் ஒப்புக்கொள்ளவில்லை, வாடிக்கையாளர் நலன் கருதியே இவற்றைச் செய்கிறது என்றிருந்தது. இதெல்லாம் இப்படித்தான் எழுதுவார்கள் ஆன்ட்டி, கொடுப்பார்கள், ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றாள். பட்டு கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் தூறல் விட்டிருந்தது. மரத்திலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஜம்புநாதன் தொண்டையைச் செருமினார். "நல்லபடியா முடிஞ்சுது. புது பம்ப் போட்டுத் தரான். இனிமே யார் மேல தப்புன்னு பழசைக் கிளறிண்டு இருக்க வேண்டாம், என்ன?"

"கம்பெனிக்காரா எழுதின மாதிரியே பேசறேளே," என்றாள் பட்டு.

அவர் வண்டிக் கதவைத் திறக்கப் போனார்.

"எதுக்கு அப்படிச் சொன்னேள் ஷ்ரேயஸ்கிட்ட?"

"போனை எடுத்ததுமே, நான் அப்பவே வேண்டாம்னேனேன்னான். வண்டியை நான்தானே வாங்கினேன், பட்டு. அது சொத்தைன்னு எப்படி என் வாயால சொல்றது? அம்மா ஏதோ அமுக்கிட்டான்னு வாய்ல வந்துடுத்து. அவன் சிரிச்சான். ஊர்ல எல்லாரும் அதையே சொன்னா. உன்னைச் சொல்றது சுலபமா இருந்துது."

"நான் நிறுத்தினதா நானே நம்பிட்டேன், தெரியுமோ? தினம் பஸ்ல என் விரலைப் பாத்துண்டு வருவேன்."

அது அவருக்குத் தெரியாது. முகம் சுருங்கிப் போயிற்று. பட்டுவுக்குக் கோபம் வந்தது, அந்தப் பரிவான குரலை நினைத்து ஆசையும் வந்தது, இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து ஷ்ரேயஸ் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"கேஸ் என்னாச்சுப்பா?" என்றான் ஷ்ரேயஸ்.

"முடிஞ்சுது. ஷ்ரேயஸ், அன்னிக்கு வண்டி நின்னுதே..."

"ஆமா, அம்மா ஸ்டாப் பண்ணினாளே."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. வீட்டு விலாசத்தைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். ஜம்புநாதன் பட்டுவைப் பார்த்தார். பட்டு உதவிக்குப் போகவில்லை.

"அம்மா நிறுத்தலைடா. தானா நின்னுது. நான் பக்கத்துல உக்காந்து பாத்துண்டிருந்தேன். உன்கிட்ட நான் சொன்னது பொய்."

"அம்மா பக்கத்துல இருக்காளா?" என்றான்.

பட்டு போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நீ அன்னிக்கே சொல்லினே," என்றான் தன் தடுக்குகிற தமிழில். "நான் சிரிச்சேன்."

பட்டு போனைப் பிடித்தபடி, ஆள் நடமாட்டத்தையும் பார்க்காமல் நின்று அழுதாள்.